கோழி எங்கே போனது? கதையில் உங்கள் சொந்தக் குரலைக் கண்டடைய ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் இரண்டு ஞாயிறு கூடிக் கதை வாசிக்கிறோம். ஒருநாள் எல்லாரும் வந்து சேரும்வரை கீழே கடை முன் அஞ்சடியில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் அக்கா தன் அம்மாவைப் பற்றிப் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். 1985இல் பினாங்குத் தீவுக்குப் பாலம் திறப்பதற்கு முன்பு நடந்தது அது. பெருநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் புறப்பட்ட அம்மா, ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறியிருக்கிறார்.

"கோழி கால என்னோட செவப்பு ரிப்பனால கட்டிட்டாங்க அம்மா. நடுக்கடல்ல அது கைய விட்டுத் தாவி, ரிப்பன் இழுபட இழுபட ஓடுது. சீனக் கெழவர் ஒருத்தரு, மலாய்க்காரப் பையனுங்க ரெண்டு பேரு, அப்புறம் ஃபெரில வேல செய்யுற ஆளு, அத்தன பேரும் அது பின்னாடி ஓடுறாங்க. அம்மா ஒக்காந்து சிரிக்குறாங்க. அப்பா செத்த பெறவு அன்னிக்குத்தான் சிரிச்சாங்க."

கையில் கோப்பி ஆறிப்போனது. யாரும் பேசவில்லை. "அக்கா, இதை அப்படியே எழுதிக்கிட்டு வாங்க" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் கொண்டுவந்த கதை இப்படித் தொடங்கியது: "அலைகடலின் மீது அன்னமென மிதந்து சென்றது அந்தப் படகு. கணவனை இழந்து கண்ணீரும் கம்பலையுமாய் வாழ்ந்த என் தாயின் உள்ளத்தில் எண்ண அலைகள் மோதின." மொத்தம் மூன்று பக்கம். கோழி எங்கேயும் இல்லை.

"கோழி எங்கே அக்கா?" என்று கேட்டேன்.

"கதையில போயி கோழியெல்லாம் எழுதுனா நல்லாவா இருக்கும், தம்பி?"

அந்தக் கோழியைத் திரும்பக் கொண்டுவரும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நானும் பல வருடம் கோழியை விட்டுவிட்டு அன்னத்தை எழுதியவன். அதிலிருந்து மீண்டுவர எனக்கு உதவியவற்றையும், எங்கள் வட்டத்தில் மற்றவர்களுக்கு உதவியதை நான் கண்ணால் பார்த்தவற்றையும் மட்டும் சொல்கிறேன்.

குரல் எங்கே தொலைகிறது

'குரல்' என்று நான் சொல்வது நடையை மட்டும் அல்ல. எதைக் கவனிக்கிறீர்கள், எதை முதலில் சொல்கிறீர்கள், எதைக் கடைசிவரை பிடித்து வைக்கிறீர்கள், யார் பக்கம் உங்கள் மனம் சாய்கிறது, ஒரு வாக்கியத்தை எங்கே மூச்சுவிட்டு நிறுத்துகிறீர்கள் – இதெல்லாம் சேர்ந்தது. வாய்விட்டுப் பேசும்போது இது எல்லாரிடமும் இருக்கிறது. பேனாவை எடுத்ததும் போய்விடுகிறது.

நம் மலேசியாவில் இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் படித்தோம். கட்டுரையில் இணைமொழி, இரட்டைக்கிளவி, மரபுத்தொடர், பழமொழி வந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டுப் பாராட்டினார். அந்தப் பள்ளிகளை நான் குறை சொல்லவில்லை. 1816இல் இதே பினாங்கில்தான் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது. இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவை இல்லையென்றால் இதை நான் தமிழில் எழுதவும் முடியாது, நீங்கள் படிக்கவும் முடியாது. ஆனால் பன்னிரண்டு வயதில் புள்ளிக்காக எழுதிய மொழி, நாற்பது வயதில் அம்மாவைப் பற்றி எழுதும்போதும் கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைத்தான் அடையாளம் காண வேண்டும்.

இன்னொன்று, தமிழ்நாட்டு இதழ்களும் தொடர்களும் சினிமாவும். எங்கள் வட்டத்துக்கு வந்த ஒரு கதையில் கோலாலம்பூர் செந்தூலில் குடியிருக்கும் பாட்டி மார்கழிப் பனியில் நடுங்கிக்கொண்டே திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். அவள் வீடு பதினோராவது மாடி பிளாட். மார்கழியில் செந்தூலில் யார் பனியில் நடுங்கியது? எழுதிய தம்பி பொய் சொல்ல நினைக்கவில்லை. 'பாட்டி' என்று எழுதியதுமே கூடவே திண்ணையும் பனியும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. உண்மையில் அந்தப் பாட்டி எங்கே உட்காருகிறாள் என்று கேட்டதும் உடனே பதில் வந்தது: "லிப்டுக்கு எதிர்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பாங்க அண்ணே. யார் யார் எந்த மாடிக்குப் போறாங்கன்னு பார்ப்பாங்க." கதை அங்கேதான் இருந்தது.

முதல் படி: எழுதும் முன் வாயால் சொல்லுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

நீங்கள் எழுத நினைக்கும் கதையை ஓர் ஆளிடம் சொல்லுங்கள். கைப்பேசியிடம் தனியாகப் பேசினால் மேடைப் பேச்சு வந்துவிடும். எதிரில் ஓர் ஆள் வேண்டும். தங்கை, பக்கத்து வீட்டுக்காரர், வேலையிடத் தோழி, யாராக இருந்தாலும் சரி, நீங்கள் சொல்வதைக் கேட்க உண்மையிலேயே ஆசைப்படுபவராக இருக்க வேண்டும். அவர் சம்மதத்தோடு கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடம் போதும்.

மறுநாள் அதைக் கேட்டு எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். 'அப்புறம்', 'என்னா சொல்றது', 'இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு' – ஒன்றையும் விடாதீர்கள். பத்து நிமிடப் பேச்சை எழுத இரண்டு மணி நேரம் பிடிக்கும். கை வலிக்கும். இதைக் கணினியில் தட்டாமல் கையால் எழுதுபவர்கள் அதிகம் கற்றுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுதி முடித்த பிறகு ஒரு பென்சிலை எடுத்து நான்கு விஷயம் தேடுங்கள். எங்கே தொடங்கினீர்கள்? எதைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்? எங்கே குரல் தாழ்ந்தது? எதை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தீர்கள்?

கோழி அக்காவையும் இப்படிச் செய்யச் சொன்னோம். அவர் மறுபடி சொன்னார், பதிவு செய்தார், எழுதினார். பிறகு இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எழுதிய கதையில் 'கணவனை இழந்த' என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிட்டது. வாசகர் அந்த இடத்திலேயே இரக்கப்பட்டு முடித்துவிடுகிறார், அதற்குமேல் அவருக்கு வேலை இல்லை. வாயால் சொன்னபோது அப்பா செத்த செய்தி கடைசி வரியில், குரல் தாழ்ந்து, போகிற போக்கில் வந்தது. அதுவரை கோழி துரத்தும் வேடிக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு வரியில் முழுக் கதையும் புரட்டிப் போட்டதுபோல் ஆனது.

அந்த அக்காவுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்த கலை இது. துக்கத்தைப் பின்னால் வைத்துச் சிரிப்பை முன்னால் அனுப்புவது. அவருடைய குரல் அதுதான். 'கண்ணீரும் கம்பலையும்' அவருடையது அல்ல, பள்ளிக்கூடத்துப் பட்டியலிலிருந்து வந்தது.

இதில் ஓர் எச்சரிக்கை. பேச்சை எழுதியது கதை ஆகிவிடாது. பேச்சில் கையும் கண்ணும் முகமும் பாதி வேலையைச் செய்கின்றன. தாளில் அவை இல்லை. பதிவிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசையும் தாளமும். சொற்களில் பாதி போய்விடும், போகட்டும்.

இரண்டாவது படி: உங்கள் கண் எங்கே போகிறது

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பதினான்கு நாள், ஒரு நாளைக்கு மூன்று வரி. அன்று கண்ணில் பட்டு மனத்தில் தங்கிய மூன்று. கருத்து வேண்டாம், உவமை வேண்டாம், பார்த்ததும் கேட்டதும் மட்டும். 'பாசார் மாலாமில் ஒரு பெண் மீன் வாங்கிவிட்டு அதே கையால் குழந்தையின் தலையைக் கோதினாள்' – இவ்வளவுதான்.

நடுவில் எடுத்துப் படிக்காதீர்கள். பதினான்கு நாள் முடிந்ததும் நாற்பத்திரண்டு வரியையும் ஒரே மூச்சில் படியுங்கள். உங்களை அறியாமல் எதையோ தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

எங்கள் வட்டத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். அவர் நோட்டில் பாதிக்கு மேல் செருப்புகள். வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பு, கோயிலுக்கு வெளியே ஜோடி மாறிய செருப்பு, மருத்துவமனைக் கட்டிலுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. விடிகாலையில் வீடு திரும்பி, யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று வாசல் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆள் அவர் என்று பேசப் பேசத்தான் புரிந்தது. வெளியே இருந்து வீட்டைப் படிக்கிறவரின் கண் அது. அவருடைய கதைகள் எல்லாமே இனி அந்த வாசலில் நின்று எழுதப்பட வேண்டியவை என்று நான் நம்புகிறேன்.

குரல் என்றால் வட்டார வழக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை என்பதற்குத் தமிழிலேயே ஓர் அருமையான சாட்சி உண்டு. கோவில்பட்டி அருகே இடைசெவல் என்று ஒரு சிற்றூர். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவரும் அந்த ஊர்க்காரர்கள். ஏறத்தாழ ஒரே வயது, சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். அழகிரிசாமி 1950களில் நம் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசன் நாளிதழில் வேலை பார்த்தவர் என்பது நமக்குக் கூடுதல் உரிமை. ஒரே மண், ஒரே பேச்சு வழக்கு, ஒரே கரிசல் வெயில். ஒருவர் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து கதை சொல்கிற வாய்மொழியில் எழுதினார். மற்றவர் அடக்கமான, எளிய எழுத்து நடையில், ஓரமாக நின்று பார்ப்பவர் போல எழுதினார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியிருக்க முடியாது. ஊர் ஒன்றாக இருந்தாலும் கண் வேறு.

மூன்றாவது படி: சொல்வது யார், எவ்வளவு தூரத்தில் நின்று

இதை விளக்க என் சொந்தக் கதை ஒன்றின் தொடக்கத்தையே காட்டுகிறேன். தோட்டம் மூடப்பட்டு மகனோடு பிளாட்டுக்குக் குடிவந்த ஓர் அப்பா. பால்மரம் சீவிய காலம் முழுதும், விடிகாலையில் வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று பழகியவர்.

பல வருடம் முன்பு எழுதிய முதல் வடிவம்:

"கதிரவன் தன் பொற்கரங்களைப் பூமியின் மேல் படரவிடும் முன்னரே துயிலெழும் பழக்கம் என் தந்தையிடம் இருந்தது. தோட்டத்தை விட்டு வந்த பின்னும் அப்பழக்கத்தை அவர் விட்டொழிக்கவில்லை. பழைய நினைவுகள் அவர் நெஞ்சில் அலையலையாய் எழுந்தன."

இதில் அப்பா இல்லை. யார் அப்பாவுக்கும் இது பொருந்தும். 'நினைவுகள் அலையலையாய்' என்று எழுதிய கைக்கு அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது.

பிறகு பேச்சு வழக்கின் மேல் ஆசை வந்து எழுதியது:

"அப்பா நாலு மணிக்கே எந்திரிச்சிருவாரு. பசியாறக்கூட மாட்டாரு. நேரா லிப்டுல எறங்கி, மோட்டார் நிப்பாட்டுற எடத்துல போயி நிப்பாரு, பெரட்டுக்கு நிக்கிற மாதிரி. இங்க எவன் வந்து பேரு கூப்பிடப் போறான்?"

உயிர் வந்துவிட்டது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. அது என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கானது. இந்தக் கதையைச் சொல்பவன் மகன். படித்தவன், அலுவலகத்தில் வேலை செய்பவன், அப்பாவைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்படுபவன். 'எவன் வந்து பேரு கூப்பிடப் போறான்' என்று கேட்பது பக்கத்து வீட்டுக்காரரின் வாய். நான் உயிரைத் தேடி வேறொருவர் வாயைக் கடன் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாவது வடிவம்:

"அப்பா நான்கு மணிக்கு எழுந்து, லிப்டில் இறங்கி, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போய் நிற்பார். ஐந்து மணிவரை நிற்பார். தோட்டத்தில் பெரட்டு ஐந்து மணிக்கு. ஒருநாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். தூணை ஒட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு பக்கமும் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்."

இங்கே மகன் இருக்கிறான். ஒளிந்து பார்க்கிறான், உள்ளே நுழைந்து அப்பாவின் மனத்தைச் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை. அதனால் இடைவெளியை மட்டும் பார்க்கிறான். எழுத்து வழக்குதான், ஆனால் பெரட்டு பெரட்டாகவே நிற்கிறது.

உங்கள் கதையின் முதல் பத்தியை இப்படி மூன்று தூரத்தில் எழுதிப் பாருங்கள். பாத்திரத்தின் வாயிலிருந்து ஒன்று, கூட வாழும் ஒருவரின் கண்ணிலிருந்து ஒன்று, எதிர் பிளாட்டிலிருந்து பார்க்கும் அந்நியரின் கண்ணிலிருந்து ஒன்று. எதை எழுதும்போது கை தயங்காமல் ஓடுகிறதோ அது சரியானது என்று எண்ணிவிடாதீர்கள். எதில் உங்களுக்கே தெரியாத ஒரு விவரம் புதிதாக வந்து விழுகிறதோ அதை எடுங்கள். அந்த இரண்டு பக்க இடைவெளி, எழுதும் நொடிவரை எனக்குத் தெரியாது.

நான்காவது படி: வீட்டில் புழங்கும் சொல்லைக் கதைக்குள் விடுங்கள்

மலேசியாவில் தமிழில் எழுதுகிறவர்கள் அனைவரும் ஒருநாள் இந்த இடத்தில் தடுக்கி நிற்பார்கள். 'பசியாறிட்டியா?' என்று வாழ்நாள் முழுதும் கேட்டுவிட்டு, கதையில் 'காலைச் சிற்றுண்டி உண்டாயா?' என்று எழுதுகிறோம். வெள்ளி என்று எண்ணிவிட்டு 'ரிங்கிட் மலேசியா' என்று எழுதுகிறோம். கித்தா, மங்கு, ஒட்டுப்பால், தண்டல், கிராணி – ரப்பர்த் தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த சொற்கள். கடை முன்னால் நடக்கும் ஐந்தடி அகல நடைபாதைக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் அஞ்சடி. இதைவிட நல்ல தமிழ்ச் சொல்லை யார் தரப்போகிறார்கள்?

மலாய்ச் சொல் கலந்தால் இலக்கியம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் தொல்காப்பியத்தை எடுத்துக் காட்டுங்கள். செய்யுளுக்குரிய சொற்கள் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு என்கிறது அது. வெவ்வேறு நிலத்து மக்கள் புழங்கும் சொல்லுக்கு இலக்கியத்தில் அன்றே இடம் உண்டு.

ஆனால் கண்டபடி தூவுவதும் தவறு. நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

அந்தப் பாத்திரத்தின் வீட்டில் அந்தச் சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் விடுங்கள். ஊர் மணத்துக்காகச் சேர்த்தால் வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஒரே பத்தியில் தே தாரிக், ரொட்டி சானாய், நாசி லெமாக் மூன்றும் வந்தால் அது சுற்றுலாத் துண்டறிக்கை.

அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதாதீர்கள். செயல் பொருளைச் சொல்லட்டும். 'காண்டாக் கம்பைத் தோளில் மாற்றிப் போட்டார், இரண்டு பக்கப் பால் வாளியும் ஆடி நின்றன' என்று எழுதினால் தோட்டம் பார்க்காத பிள்ளைக்கும் புரியும். அதே காண்டா, பினாங்கில் தோளில் சோறு சுமந்து விற்றவர்களால் நாசி கண்டார் என்ற பெயரில் நிற்கிறது. ஒரு சொல் இரண்டு உழைப்பாளிகளின் தோளில் ஏறி வந்திருக்கிறது. இப்படிப்பட்ட சொல்லை அழித்துவிட்டு 'சுமைக்கழி' என்று எழுத எப்படி மனம் வரும்?

உரையாடலில் வேற்று மொழி வரும் இடம் கொஞ்சம் கடினம். பக்கத்து வீட்டு மாக்சிக் வந்து பேசுகிறார் என்று வையுங்கள். அவர் பேசுவது முழுவதையும் தூய தமிழில் எழுதினால் அவர் மலாய்க்காரர் என்பதே மறந்துவிடும். முழுவதும் மலாயில் எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் வெளியே நிற்பார். நான் முதல் இரண்டு சொல்லை மலாயில் விட்டுவிட்டு மீதியைச் சின்னச் சின்னத் தமிழ் வாக்கியமாக எழுதுகிறேன்:

"சூடா மாக்கான்?" மாக்சிக் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பாட்டி தலையாட்டினாள். சாப்பிடவில்லை என்பது மாக்சிக்குக்குத் தெரியும். ஒரு கிண்ணம் கம்பி வழியாக உள்ளே வந்தது.

கேட்டது சாப்பிட்டாயா என்பதுதான் என்று கிண்ணம் சொல்லிவிடுகிறது.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒன்றே ஒன்று: லோரி என்றால் கதை முழுக்க லோரி, லாரி என்றால் லாரி. நடுவில் மாற்றாதீர்கள்.

ஐந்தாவது படி: பிடித்தவரைக் கையால் எழுதிப் பாருங்கள்

உங்களுக்கு மிகப் பிடித்த எழுத்தாளரின் ஒரு பக்கத்தை அப்படியே கையால் எழுதுங்கள். வாக்கியம் எங்கே முடிகிறது, வினைமுற்று எப்போது வருகிறது, பெயரடை எத்தனை என்று விரல் கற்றுக்கொள்ளும். அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதே நீளத்தில் உங்கள் வீட்டுக் காட்சி ஒன்றை எழுதுங்கள். அவர் சாயல் தெரியும் இடத்தில் கோடு போடுங்கள். ஒரு வாரம் ஒரே எழுத்தாளர், அடுத்த வாரம் அவருக்கு நேர் எதிரானவர். மூன்று பேர் போதும். போலச் செய்வதற்கு வெட்கப்பட வேண்டாம், அது அச்சில் வராதவரை அது பயிற்சி. கதை எழுதுவது கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று என்ற நம்பிக்கை இந்த நாட்டில் பழையது. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் வாசகர்களுக்குக் கதை வகுப்பே நடத்தியிருக்கிறது.

ஆறாவது படி: சத்தமாகப் படித்து வெட்டுங்கள்

முதல் வடிவம் எழுதியதும் ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு ஓர் ஆளை எதிரில் உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள். அவருக்கு ஒரே வேலை: கவனம் சிதறும்போது விரலைத் தூக்க வேண்டும். கருத்து வேண்டாம், பாராட்டு வேண்டாம். நீங்களும் நிறுத்தாமல், விரல் தூக்கிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் படித்துக்கொண்டே போங்கள்.

உங்கள் நாக்கு தடுக்கும் இடத்திலும் ஒரு புள்ளி. வாய்க்கு வராத வாக்கியம் பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது.

நான் வெட்டும்போது முதலில் போவது வானிலை. கதிரவன், நிலா, இளந்தென்றல். மழை பெய்தே ஆக வேண்டும் என்றால் நம் ஊர் மழையாகப் பெய்யட்டும், நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து ஜிங்க் கூரையில் கொட்டி, ஐந்தரைக்கு வெயில் அடிக்கிற மழை. அடுத்தது, பாத்திரத்தின் மனத்தை விளக்கும் வாக்கியங்கள். 'அவள் நெஞ்சம் கனத்தது' என்பதற்கு முன்னாலேயே அவள் கையால் ஏதோ செய்திருப்பாள், அது போதும். கடைசியாக, கதையின் இறுதிப் பத்தி. அதை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். என் கதைகளில் பத்துக்கு ஏழில் கதை அதற்கு முந்தின பத்தியிலேயே முடிந்துபோயிருந்தது.

வெட்டியவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், தனியாக ஒரு கோப்பில் வையுங்கள். நாலைந்து கதைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் நீங்கள் பயப்படும்போது எந்த மாதிரி வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கிறீர்கள் என்பது தெரியும். என்னுடைய ஒளிவிடம் கேள்விகள். எழுத வேண்டிய காட்சியை எழுத அஞ்சி, 'யாருக்குத் தெரியும்?' என்று கேட்டு நகர்ந்துவிடுவேன்.

எவ்வளவு காலம் பிடிக்கும்

இந்த ஆறு படியையும் ஒரு கதைக்குச் செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு செய்தால் கூடவே ஆகும். ஒரு கதையில் குரல் பிடிபடாது. ஆறேழு கதைக்குப் பிறகு, பெயரை மறைத்துக் கொடுத்தாலும் வட்டத்தில் இருப்பவர்கள் "இது உன்னுது" என்று சொல்வார்கள். அப்போது தெரியும். அதுவரை போட்டிகளுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. பரிசு வாங்கிய கதையின் சாயலில் அடுத்ததை எழுதும் ஆசை யாருக்கும் வரும், எனக்கும் வந்தது, அதில் இரண்டு வருடம் போனது.

அச்சுக்கு அனுப்பும்போது

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, பலர் இதைச் செய்வதில்லை.

அந்த அப்பா கதையை ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தேன். வெளிவந்ததைப் பார்த்தால் 'பெரட்டு' இருந்த இடமெல்லாம் 'காலை அணிவகுப்பு' என்று இருந்தது. 'பசியாறல்' சிற்றுண்டி ஆகியிருந்தது. திருத்தியவர் நல்லெண்ணத்தில் செய்தார், தமிழ் நன்றாக இருக்க வேண்டும் என்று அக்கறைப்பட்டார். ஆனால் என் அப்பா ஒருநாளும் அணிவகுப்புக்கு நின்றதில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையோடும் தனித்தாளில் ஒரு சின்னப் பட்டியல் வைத்து அனுப்புகிறேன். 'கீழ்க்காணும் சொற்கள் தெரிந்தே எழுதப்பட்டவை, தயவுசெய்து மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடுங்கள், பேசுவோம்.' அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சொற்கள். எந்தச் சொல்லுக்காகச் சண்டை போடுவேன், எதை விட்டுக்கொடுப்பேன் என்று அந்தப் பட்டியலை எழுதும்போதுதான் எனக்கே தெரியவருகிறது. சில கதைகளுக்குப் பட்டியலில் எழுத ஒரு சொல்கூடக் கிடைக்காது. அப்போது கதையை அனுப்பாமல் எடுத்து வைத்துவிட்டு முதல் படிக்குத் திரும்பிப் போகிறேன்.

கோழி அக்காவும் போன மாதம் தன் கதையை அனுப்பினார். இப்போது அது 'ரிப்பன் என்னுடையது' என்று தொடங்குகிறது. பட்டியலில் ஐந்து சொல் எழுதியிருந்தார். மூன்றாவது, 'செத்த'. காலமான என்று மாற்ற வேண்டாம் என்று அதற்கு நேரே பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்.